மூடி வச்ச காரு

— கோடு தெரியுதா, தெரியலையா? அத மட்டும் சொல்லு தேவிபிரியா. கார் கவரு தைக்க அருப்புக்கோட்டையில ஒன்னைய விட்டா ஆளில்லைன்னாக. நம்பி வாங்குனேன் பாரு, என்னையச் சொல்லணும்.

— தெரியுது அண்ணாச்சி. பானெட்டுல இருக்கு, கூரையிலயும் இருக்கு. கவரு நான் தச்சதுதான். ஆனா கோடு என் கவரு போட்டதில்ல.

— பின்ன? என் உரக்கடை எலி வந்து பிறாண்டுச்சோ?

— எலிய ஏன் இழுக்குறீக? இங்க பாருங்க, இதான் கவரோட உள்பக்கம். எங்க வீட்டுத் தறியில நெய்ஞ்ச துணி. கன்னத்துல வச்சுத் தேச்சாலும் செவக்காது. இப்பத் தடவிப் பாருங்க. விரல்ல என்ன ஒட்டுது?

— தூசி. கரிசத் தூசி. பந்தல்குடியில தூத்துக்குடி லாரி போற பாதையில வீட்ட வச்சிருக்கேன். தூசி பறக்காம பன்னீரா தெளிக்கும்?

— அது கவருக்கு வெளியில இருக்கணும் அண்ணாச்சி. உள்ள எப்படி வந்துச்சு? தூசி படிஞ்ச காரு மேல கவரப் போட்டு இழுத்தா, அது கவரு இல்ல, உப்புத்தாளு. ஆசாரி மரத்துல போட்டுத் தேய்ப்பாகளே, அது.

— அதெல்லாம் கெடையாது. இந்தக் காரு வாசலத் தாண்டுனதே இல்ல. பொங்கலுக்கு வாங்குனது. கம்பெனிக்காரன் கொண்டாந்து இந்தக் கொட்டகையில விட்டான், அன்னைக்கே மூடிட்டேன். வெளிய எடுத்தா பெயிண்டு போயிருமேன்னு கண்ணுக்குள்ள வச்சுக் காக்குறேன். நம்பலேன்னா என் வீட்டுக்காரியக் கேளு. ஏ முருகலட்சுமி! இங்கிட்டு வா.

— வாரேன், வாரேன். இன்னைக்கு என்ன இம்புட்டு வெள்ளனா கடையில இருந்து வந்துட்டீக? அத்தையக் கட்டில்ல சாய்ச்சுட்டு வாரேன்.

— நம்ம காரு என்னைக்காச்சும் வெளிய போயிருக்கா? இந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு.

— நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.

— கேட்டியா தேவிபிரியா? ஒன் கவரு காரக் கீறுதுன்னு வாட்ஸாப் குரூப்புல நான் போட்டது நூத்துக்கு நூறு நெசம்.

— அத நீங்க போட்டதுல எனக்கு வந்த ஆர்டரெல்லாம் நின்னுபோச்சு. கவரு கேட்டிருந்த திருச்சுழி டாக்டரம்மா என் போன எடுக்கவே மாட்டேங்குறாக. அதான் பஸ்ஸேறி வந்தேன். சண்டைக்கு வரல, என் பேரக் கழுவிட்டுப் போக வந்தேன். கைய இப்படிக் கொண்டாங்க. பானெட்டு மேல வைங்க.

— எதுக்கு?

— வைங்க அண்ணாச்சி.

— யப்பா! சுடுது!

— கொட்டகைக்குள்ள வெயிலு எட்டிக்கூடப் பாக்கல. ஓடாத காரு எதுக்குச் சுடணும்? டயரு இடுக்குல பாருங்க, சீமக்கருவேலங் கொப்பு. எல இன்னும் வாடக்கூட இல்ல.

— களவாணிப் பய! சாவி ஆணியில தொங்குதேன்னு எவனோ எடுத்து ஓட்டியிருக்கான். இரு, இப்பவே போலீசுக்குப் போனப் போடுறேன்.

— போனக் கீழ வைங்க. நான்தான் ஓட்டுனேன்.

— நீயா முருகு? காரையா?

— ம். காரத்தான். டிரைவிங் ஸ்கூல்ல சேந்து படிச்சேன். லைசென்ஸும் வந்துருச்சு.

— எங்க போற நீ?

— வேற எங்க போவேன்? ஒங்க ஆத்தாள டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸுல போறோம்னுதான நெனச்சுக்கிட்டிருக்கீக? ஒருநா திரும்பி வாரப்ப அவுகளுக்குப் பஸ்ஸுப் படியில காலத் தூக்கி வைக்க முடியல. ரோட்டோரம் மண்ணுல உக்காந்துட்டாக. கண்டக்டரு விசில ஊதிட்டான். பெத்தவ மண்ணுல கெடக்கா, மகன் வாங்குன காரு பஞ்சுத் துணி போத்தித் தூங்குது. அன்னைக்கே முடிவு பண்ணுனேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?

— எத்தனை தரம் கேட்டேன்? காத்தடிச்சாத் தூசின்னீக. மழை பேஞ்சாச் சேறுன்னீக. வெயிலுன்னா பெயிண்டு வெளுத்துரும்னீக. காருக்கு எதுதான் நல்ல நாளு? நீங்க மத்தியானம் சோத்துக்கு வாரதுக்குள்ள வந்து மூடிரணும். அத்தையும் சும்மா இருக்க மாட்டாக, ஒரு முனையப் பிடிச்சு இழுப்பாக. அந்தக் கோடு எங்க அவசரம் போட்ட கோடு. தேவிபிரியா, ஒன் தலையில பழி விழுந்துருச்சு. மனசுல வச்சுக்காத தாயி.

— அது கெடக்கட்டும்க்கா. எப்படி மூடுவீக? செஞ்சு காட்டுங்க.

— இந்தா, மூஞ்சிப் பக்கம் மாட்டி, அப்படியே பின்னாடி வரைக்கும் ஒரே இழுப்பு.

— அங்கதான் வெனையே! இனிமே இழுக்காதீக. வந்ததும் மொதல்ல பானெட்டு ஆறட்டும், பெறகு தண்ணிய ஊத்தித் தூசிய ஓட விடுங்க. மெத்துன துணியால ஒத்தி எடுங்க, அழுத்தித் தேய்க்காதீக. காரு ஒடம்புல ஒரு பொட்டு ஈரம் இருக்கக் கூடாது. பெறகு சுருட்டுன கவரக் கூரை மேல வச்சு, அங்கிட்டும் இங்கிட்டும் உருட்டி எறக்குங்க. கழட்டுனா மறுபடி சுருட்டித்தான் வைக்கணும். தரையில போட்டீகன்னா மண்ண அள்ளிக்கிட்டு வந்துரும்.

— இப்ப இந்தக் கவரு பூராத் தூசியால்ல கெடக்கு. தொவைக்கலாமா?

— தொவைக்கணும். சோப்புப்பொடி ஆகாது, கல்லுல அடிக்கவும் கூடாது. ஷாம்பூவத் தண்ணியில கலக்கி முக்கி, நல்லா அலசி, நிழல்ல காயப்போடுங்க. இன்னொண்ணு. அடியில நாடா வச்சுத் தச்சிருக்கேன், அதக் காரு வயித்துக்குக் கீழ கட்டுங்க. இந்த ஆடிக் காத்துக்குக் கவரு படபடன்னு அடிச்சா அதுவே பெயிண்ட உரசித் தின்னுரும். அண்ணாச்சி, நீங்க மொகத்தத் தொங்கப்போடாதீக. கோட்டுல நகம் மாட்டல, ஆழமா விழல. பாலிஷ் போட்டா மறைஞ்சிரும். அண்ணாச்சி? போன்ல என்ன நோண்டுறீக?

— குரூப்புல எழுதிக்கிட்டிருக்கேன் தாயி. 'கவரு மேல குத்தம் இல்ல. குத்தம் பூரா கார்க்காரன் மேல. தேவிபிரியா கவர நம்பி வாங்கலாம்.' அனுப்பவா?

— அனுப்புங்க. டாக்டரம்மா கண்ணுல பட்டாப் போதும், மத்தத நான் பாத்துக்கிறேன்.

— அனுப்பிட்டேன்.

— என்னங்க, அப்ப நானும் ஒண்ணு கேக்குறேன். அடுத்த தரம் ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஓட்டுங்க. மகன் ஓட்டிப் போகணும்னு அத்தைக்கு ஆச. நான் பின்னாடி அவுகளப் பிடிச்சு உக்காந்துக்கிறேன்.

— நீயே ஓட்டு முருகு.

— இன்னுமா பெயிண்டு? கல்யாணத்துக்கு முன்ன லோடு வண்டியே ஓட்டுனேன்னு ஊரு பூராச் சொல்லுவீக. இந்தச் சின்னக் காரு எம்மாத்திரம்?

— பெயிண்டுமில்ல, தூசியுமில்ல முருகு. எனக்கு ஓட்டத் தெரியாது. நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து கத்துக்கிறேன்.