நூறுலேர்ந்து ஏழு ஏழா

ஹலோ... ஹலோ... ஆமா, அவ வீடுதான். நீங்க யாரு?... யாரு?... ஓஹோ! மருந்துக் குடோன் மேனேஜர் சாரா! அவளை வேலையை விட்டு அனுப்பி மூணு மாசமாச்சு, இன்னிக்குத்தான் இந்த நம்பர் ஞாபகம் வந்துச்சா?... இல்லை, அவ உள்ள கைக்குப் பயிற்சி பண்ணிட்டிருக்கா. நான் அவ அண்ணி. எதுவா இருந்தாலும் என்கிட்டச் சொல்லுங்க.

...ம்... ம்... ஓ, நோட்டீஸ் வந்துடுச்சா? தொழிலாளர் ஆபீஸ்லேர்ந்தா? நல்லது. ஆமா, ஆமா, நான்தான் அங்க புகார் எழுதிப் போட்டேன். நாலு பக்கம். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், புரிஞ்சுதா?...

தப்பாப் புரிஞ்சுக்கிட்டேனா? சரி, நான் வரிசையாச் சொல்றேன், எங்க தப்புன்னு நீங்க சொல்லுங்க. பதினாலு வருஷம் உங்க குடோன்ல சரக்கு சரிபார்த்தா. தேதி முடிஞ்ச மாத்திரை அட்டை ஒண்ணு அவ கையைத் தாண்டி வெளிய போயிருக்கா?... ஆங். அப்படிப்பட்டவ ஒரு நாள் காலைல பல் தேய்க்கும்போது வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு விழுந்தா. ஸ்ட்ரோக். வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே நாள்ல. ஆறு மாசம் சார்! ஒவ்வொரு வார்த்தையாப் பொறுக்கி எடுத்தா. ஜன்னல்னு சொல்ல வந்தா சீப்புன்னு வரும். அழுவா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடி சொல்லுவா...

இருங்க, முடிக்க விடுங்க! இந்த மாதிரி ஆளுங்க வேலைக்குத் திரும்ப உதவி பண்றதுக்குன்னே ஆஸ்பத்திரில ஒரு மேடம் இருக்காங்க. அவங்க உங்க ஆபீசுக்கே வந்தாங்களா இல்லையா?... வந்தாங்க. என்ன கேட்டாங்க? தினம் நாலு மணி நேரம். சத்தமில்லாத இடம். ஒரு நேரத்துல ஒரு வேலை, அதையும் தாள்ல எழுதிக் கொடுங்க. நடுவுல கொஞ்சம் ஓய்வு. உங்க சொத்தையா கேட்டாங்க? அவங்க எழுதிக் கொடுத்த தாளை என்ன பண்ணீங்க?... படிச்சீங்களா! அது மேல டீ கிளாசை வச்சீங்க சார். வட்டமாக் கறையோட என்கிட்டத்தான் இருக்கு, நோட்டீஸ் அனுப்பினவங்களுக்கும் காட்டியாச்சு.

...என்னது, ஆள் பத்தலையா? ஆள் பத்தலைன்னா, பேச்சு திக்குறவளைக் கொண்டுபோய் மூணு போன் அடிக்கிற ஆர்டர் மேஜையிலயா உட்கார வைப்பீங்க? வேலைக்குத் திரும்பின மூணாவது நாள் மீட்டிங்ல எழுப்பி நிறுத்தி, "மண்டை வேலை செய்யுதான்னு பார்ப்போம், நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லு"ன்னீங்களே, அது எதுல சேர்த்தி?...

தமாஷா? தொண்ணூத்து மூணோட நின்னுட்டா. நீங்க கை தட்டினீங்க, அத்தனை பேரும் சிரிச்சாங்க. மறுநாள் ராஜினாமாவை நீங்களே டைப் அடிச்சு, அவ இடது கையால கிறுக்கல் கையெழுத்து வாங்கினீங்க. வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் வாயே திறக்கலை சார். நானும் அவளும் இருபது வருஷமா கீரியும் பாம்பும். ஒரு சண்டையாவது போட மாட்டாளான்னு நானே ஏங்கிப் போனேன். அவளைத் திட்டுற உரிமை இந்த உலகத்துல எனக்கு மட்டும்தான் இருக்கு. நீங்க யாரு நடுவுல?

...ம்... ம்... வேலையைத் திருப்பித் தர்றீங்களா? மேடம் எழுதினபடியேவா?... அதுக்குப் புகாரை நாங்க வாபஸ் வாங்கணுமாக்கும்? அப்படி வாங்க வழிக்கு! சரி, யோசிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. நூறுலேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லுங்க.

...ஆமா, இப்பவே... நிஜமாத்தான். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லை... ம், தொண்ணூத்து மூணு... எண்பத்தாறு... எழுபத்தொன்பது... எழுபத்திரண்டு... என்ன, நிக்குது?... அறுபத்து நாலா? அறுபத்தஞ்சு சார்!... அப்படியா? பக்கத்துல போன் அடிச்சுதா? அந்தச் சத்தத்துல கணக்கு வரலையா? பாவம். உங்க மூளையில அடைப்பு எதுவும் இல்லையே?

...கத்தாதீங்க. இருங்க, அவளே வந்துட்டா. என்னடி? உங்க மேனேஜர். அந்த ஆளேதான். வேலை தர்றாராம், புகாரை வாபஸ் வாங்கணுமாம்... நீயே சொல்லு. மெதுவா... சார், லைன்ல இருங்க. அவளுக்கு வார்த்தை வர நேரமாகும்... நேரமாகும்னேன்ல? காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்... சொல்லுடி... புகார்... ம்... இருக்கட்டும். சபாஷ்! அப்புறம்?... வேலையா? ஐயோ, அவன் மூஞ்சியில தினமும் முழிக்கணுமாடி? வேணாம்டி, வேற இடம் பார்க்கலாம்... என்ன?... எந்த மேஜை?... ஓ... அடி கள்ளி! சரி, சரி, சொல்றேன், முறைக்காதே.

சார், இருக்கீங்களா? கேட்டுக்கோங்க. புகார் அப்படியே இருக்கும். அவ திங்கட்கிழமை பத்து மணிக்கு வேலைக்கு வருவா... ஏன் முடியாது? இப்பத்தானே தரேன்னீங்க? நீங்க சொன்னதைத் தேதி, நேரம் போட்டு எழுதி வச்சுட்டேன். கூட அந்த மேடமும் வருவாங்க. உங்க ரூமுக்கு எதிர்ல, கண்ணாடிச் சுவரை ஒட்டி ஒரு மேஜை இருக்காமே, அதுதான் வேணுமாம். குடோன்லயே சத்தமில்லாத இடம் அதுதானாம்... தெரியும் சார், நீங்க தலை நிமிர்ந்தா அவ முகம்தான் தெரியும். அதுக்குத்தானே கேக்குறா!

...திங்கட்கிழமை நீங்க லீவா? போடுங்க, தாராளமாப் போடுங்க. அவ செவ்வாய்க்கிழமையும் வருவா. புதன்கிழமையும் வருவா. வியாழக்கிழ... ஹலோ?... ஹலோ?...

வச்சுட்டான்டி.