முதல் கிளாஸ் யேரின் அம்மாவுக்கு

– என் முத்திரையை எங்க ஒளிச்சு வெச்சீங்க, யேரின் அப்பா?

– எந்த முத்திரை?

– தெரியாத மாதிரி கேக்காதீங்க. காலையில அலமாரியில இருந்துச்சு. நாளைக்கு ஒன்பது மணிக்கு அரிசிப் பலகாரம் விக்கற தாக் கடை வீட்டு மருமக, என் கடையை வாங்கிக்கற பத்திரத்தோட வந்து நிப்பா. கையெழுத்துக்குப் பதிலா முத்திரைதானே, அது இல்லாம எதைக் குத்திக் குடுக்கறது?

– ஸ்டாப் வரட்டும், இறக்கி விடறேன். முதல்ல உக்காரு. இன்னிக்கு பீர் பாட்டில் திறக்கற நாள்.

– சொங்ஜு டவுன்ல இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டினீங்க. ஓய்வாகி எட்டு மாசம் ஆச்சு, பேச்சு மட்டும் இன்னும் டிரைவர் சீட்டை விட்டு இறங்கலை.

– ஒரே ஒரு கிளாஸ் குடி. குடிச்சா முத்திரையைத் தர்றேன்.

– எனக்கு ஊத்தறதும் சிங்க்ல ஊத்தறதும் ஒண்ணுதான். ஜனவரி காய்ச்சல்ல போன நாக்கு. உப்பு, உறைப்பு ஒண்ணும் தெரியலை. எல்லாமே வெந்நீர்தான்.

– திரும்பி வரும்னு டாக்டர் சொன்னாரே.

– எப்ப வரும்னு சொன்னாரா? பத்தொன்பது வருஷமா சந்தையில கிம்ச்சியும் பொரியலும் வித்தவ நான். போன வாரம் முள்ளங்கி கிம்ச்சியில உப்பே போடலை. வாங்கிட்டுப் போன பெரியம்மா திருப்பிக் கொண்டுவந்து, உடம்பு சரியில்லையாம்மான்னு கேட்டாங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

– அதான் நான் ருசி பார்த்துச் சொல்றேனே.

– உங்க நாக்குக்கு எல்லாமே பிரமாதம். கருகினதைக் குடுத்தாலும் பிரமாதம்னுவீங்க. அதை நம்பி எத்தனை நாள் கடை நடத்தறது? எனக்கு மட்டும் குடுக்க மனசா இருக்கு? கடையைப் பூட்டிட்டு வரும்போது தினமும் அழுகைதான் வருது.

– சரி சரி, இந்த நுரையைப் பாரு. மூணு விரக்கடை நிக்குது. முளைகட்டின பார்லியை அறுபத்தஞ்சு டிகிரியில ஒரு மணி நேரம் ஊற வெச்சு, வடிச்சு, ஹாப்ஸ் பூவைப் பையில கட்டிப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, குளியல் தொட்டியில ஐஸைக் கொட்டி ஆற வெச்சு...

– என் கிம்ச்சி ஃபிரிட்ஜுல பாதியையும் பிடிச்சுக்கிட்டு. என் டப்பாவெல்லாம் பால்கனியில கிடந்து வேகுது.

– ஈஸ்ட்டுக்கு பதினெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாதும்மா. நான் கத்துக்கப் போற பீர் பட்டறையில பசங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. ஹாப்ஸை அள்ளிப் போட்டிருக்கேன். மத்ததெல்லாம் போனாலும் கசப்பாவது உனக்குத் தட்டுப்படுமான்னு ஒரு ஆசை.

– தெரியும். தினம் காலையில அந்த ஹாப்ஸ் பொட்டலத்தை என் மூக்குக்கு நேரா நீட்டிட்டு, என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிப்பீங்களே, அப்பவே தெரியும். எனக்கு உங்களைப் பார்த்தாத்தான் பாவமா இருக்கும்.

– முதல் கிளாஸ் உனக்கு. எனக்கு அப்புறம் ஊத்திக்கறேன்.

– குடுங்க. குடிச்சதும் முத்திரை வரணும்.

– எப்படி இருக்கு? கசக்குதா?

– கசக்கும்னு சொன்னீங்க, புளிக்குதே. பத்து நாள் வெளியில வெச்ச கிம்ச்சித் தண்ணி மாதிரி.

– புளிக்குதா? போச்சு. எல்லாம் கெட்டுப்போச்சு. வாளி, குழாய், மூடி, ஒண்ணு விடாம கிருமி மருந்துத் தண்ணியில முக்கித்தானே எடுத்தேன்.

– யேரின் அப்பா...

– பொறு, யோசிக்க விடு. கொதிச்சு முடிச்சு, நல்லா ஆறின பிறகு ஹாப்ஸ் பையைப் பிழிஞ்சேன். வெறுங்கையால தொடக் கூடாதுன்னு சிங்க் மேல தொங்கின சிவப்பு கிளவுஸை மாட்டிக்கிட்டேன்.

– நான் கிம்ச்சி பிசையற கிளவுஸையா?

– கழுவித்தானே தொங்க விட்டிருந்தே?

– எத்தனை தடவை கழுவினாலும் கிம்ச்சியோட புளிப்புக் கிருமி அதை விட்டுப் போகுமா? அதுக்கு உங்க வெறுங்கையே தேவலை. கேட்டிருந்தா புதுசு எடுத்துக் குடுத்திருப்பேனே.

– முப்பது பாட்டில். பட்டறைப் பசங்க மூஞ்சியில எப்படி முழிக்கப் போறேனோ. அப்படியே எடுத்துக் கொட்ட வேண்டியதுதான்.

– கொட்டாதீங்க. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. உங்களுக்கும் இவ்வளவு புளிக்குதா?

– நான் எங்க குடிச்சேன்? என் கிளாஸ் இன்னும் காலியாத்தானே... இரு. நான் இன்னும் வாயே வைக்கலை, யேரின் அம்மா. புளிக்குதுன்னு சொன்னது நீ.