ரெண்டு கதவு வண்டி

இல்லங்கய்யா, அங்க தேடாதீங்க, பின்னால கதவே கிடையாது. இந்த வண்டிக்கு ரெண்டே கதவுதான். நீங்க முன்னாலயே உட்காருங்க. பையை இப்படிக் குடுங்க, சீட்டை மடிச்சுப் பின்னால தள்ளிடறேன். தலையைக் குனிஞ்சுக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அவ்வளவுதான். தரையில உட்கார்ற மாதிரி இருக்கும். எனக்கே இன்னும் பழகல.

ஆமாங்கய்யா, போன்ல பேசினது நான்தான், ரமணன். உங்க பையன் ரகுபதிக்கு மேனேஜர். முதலாளி இல்ல. முதலாளி சுந்தரேசன் சார், அவர் ஆபீஸ்ல இருக்காரு. எங்களுது ஏர்கான், அதான் ஏசி, அதுக்குப் பைப் போடற கம்பெனி, அவன் சொல்லியிருப்பான். ஃப்ளைட்ல ஏதாவது சாப்பிட்டீங்களா? ஒண்ணுமே சாப்பிடலையா? தண்ணியாவது குடிங்க, அந்தா கதவோரமா பாட்டில் இருக்கு பாருங்க.

ஆஸ்பத்திரியில அவன்கூட ஆள் இருக்குங்கய்யா. ஃபஸீலான்னு எங்க ஆபீஸ் பொண்ணு. நேத்து மதியத்துல இருந்து அங்கேயேதான் இருக்கா, வீட்டுக்குக் கூட போகல. அவனைத் தனியா விடல நாங்க. அதை மட்டும் நீங்க நம்பலாம்.

போவோம், போய்க்கிட்டே இருக்கோம். காலை நேரம், ரோடு கொஞ்சம் நெரிசல் லா.

இந்த வண்டி உங்களுக்குத் தெரிஞ்ச வண்டி மாதிரி இல்ல? ஒரு நாள் ரகுபதி கார்ல உட்கார்ந்துக்கிட்டு உங்களுக்கு வீடியோ கால் போட்டானே? அது சிவப்பு, ஆமா. இது சாம்பல். அது வேற வண்டி, ஆனா ரெண்டும் ஒரே நாள்தான் பாத்தோம். அவனும் நானும்.

இங்க பொங்கோல்ங்கற இடத்துல எங்களுக்கு ஒரு பெரிய வேலை கிடைச்சுது. உடனே சுந்தரேசன் சார் என்னைக் கூப்பிட்டு, இனிமே உனக்குக் கம்பெனி கார், ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன், ஓட்டிப் பாத்துட்டு எதுன்னு சொல்லுன்னாரு. ரெண்டுமே இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் வண்டி. எனக்குச் சின்னப் பொண்ணு இருக்கா சார், நாலு கதவு வண்டியா இருந்தா நல்லதுன்னேன். நீ கிளையண்ட் வாசல்ல இறங்கினா அவன் திரும்பிப் பாக்கணும் லா, அதுக்குத்தான் காரே, பொண்ணை ஸ்கூலுக்கு விடறதுக்கு இல்லன்னாரு. அதுக்கு மேல என்ன பேசறது?

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. லிட்டில் இந்தியாவுல வீட்டுக்குக் காய்கறி வாங்கிட்டு நிக்கறேன், எதிர்ல ரகுபதி வர்றான். செருப்பு, டீ-ஷர்ட்டு, கையில ஒரு பை நிறைய தைலம். என்னடா கடையே போடப் போறியான்னேன். அப்பாவுக்கு முட்டி வலிண்ணே, யாராவது ஊருக்குப் போனா குடுத்து விடணும்னான். கார் பாக்கப் போறேன், வர்றியான்னேன். நெசமாவாண்ணேன்னு கேட்டான் பாருங்க, அந்த முகம்...

புக்கிட் மேரா பக்கம் ஒரு ரோடு பூரா கார் ஷோரூம்தான். கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்துட்டு இவன் நின்னுட்டான், நான் வெளியவே இருக்கேண்ணேங்கறான். கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். அங்க இருந்த சேல்ஸ்காரர் என்னை மட்டும் பாத்து காப்பி வேணுமான்னு கேட்டாரு. ரெண்டு காப்பின்னேன்.

எனக்கு ரெண்டு வண்டிக்கும் வித்தியாசமே தெரியலங்கய்யா. அவனுக்குத்தான் ஆசை. கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தான். ரெண்டுலயும் பின் சீட்டுல ஏறி உட்கார்ந்து பாத்தான். சாம்பல்ல தலை இடிச்சுது, சிவப்புல முட்டி இடிச்சுது. பின்னால உட்கார்றவனை நினைச்சு யாருண்ணே வண்டி செய்யறான்னு சிரிச்சான். சிவப்பை வெளிய எடுத்துக்கிட்டுப் போனப்ப அவனைத்தான் முன்னால உட்கார வச்சேன். பின்னால சேல்ஸ்காரர், முட்டி மோவாயில இடிக்க. அப்பதான் உங்களைக் கூப்பிட்டான்.

நீங்க முதல்ல கேட்டது என்னன்னு ஞாபகம் இருக்கா? யாரு காருன்னு கேட்டது அப்புறம். பெல்ட்டு போட்டிருக்கியாடான்னுதான் முதல்ல கேட்டீங்க. அவன் பெல்ட்டை இழுத்து இழுத்து போன்ல காட்டினான். பக்கத்துல நான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துச்சு அப்ப.

அவன் சிவப்புதான் எடுக்கச் சொன்னான். சார் சாம்பல்னுட்டாரு. சிவப்பு ஓட்டினா விளையாட்டுப் பிள்ளைன்னு நினைப்பாங்களாம். அப்ப எதுக்கு என்னைப் போய் பாக்கச் சொன்னாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

திரும்பி வர்றப்ப அவன் ஒண்ணு கேட்டான். அண்ணே, தப்பா நினைக்காதீங்க, எங்களுக்கு ஒரு வேன் எடுக்கச் சொல்லிப் பாருங்கண்ணே, லாரியில மழை பெஞ்சா பக்கத்துல எல்லாம் சாரல் அடிக்குது, ஆளுக்கொரு மூலையில தார்ப்பாயைப் பிடிச்சுக்கிட்டே வர்றோம்னான்.

ஆமாங்கய்யா, லாரிதான். நீங்க பஸ்சுன்னா நினைச்சீங்க? அப்படியா சொல்லி வச்சிருக்கான்? இல்ல, லாரிக்குப் பின்னால உட்கார்ந்துதான் போவாங்க. எங்க கம்பெனி மட்டும் இல்ல, இங்க நிறையப் பேரு அப்படித்தான். மேல கூரை இருக்கும், பக்கத்துல கம்பி இருக்கும். பெல்ட்டா... இல்லங்கய்யா. அதுல பெல்ட்டு கிடையாது.

கேட்டேன், கேட்காம இல்ல. மறுநாளே சார்கிட்ட போய், எனக்குக் கார் வேண்டாம், அதுக்குப் பதிலா பசங்களுக்கு ஒரு வேன் எடுங்கன்னேன். சிரிச்சாரு. வேன்ல சாமான் போகுமாய்யா, லாரின்னா ஆளும் போகும் சாமானும் போகும், அடுத்த வேலையில பாக்கலாம்னாரு. வண்டி வந்தன்னைக்கு சாவியை மேசையில வச்சாரு. எடுத்துக்கிட்டேன். அங்கேயே வச்சுட்டு வந்திருக்கலாமேன்னு வித்யா கேட்டா, என் வீட்டுக்காரி. நான் எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுப்பான், அதுக்காக வேன் வந்துடுமான்னு அவகிட்ட கத்தினேன். அதுக்கப்புறம் அவ இந்த வண்டியில ஏறவே இல்ல.

முந்தாநாள் சாயங்காலம் அப்படி ஒரு மழைங்கய்யா. வேலை முடிஞ்சு எல்லாரையும் தங்கற இடத்துக்கு ஏத்திக்கிட்டு வர்றாங்க. எக்ஸ்பிரஸ்வேயில ஒரு ட்ரெய்லர் பழுதாகி நின்னிருக்கு. எங்க டிரைவர் பிரேக் அடிச்சிருக்காரு, டயர் வழுக்கிடுச்சு. அவரைத் தப்பு சொல்ல முடியாது, பின்னால இருந்த பசங்களே சொல்றாங்க. மத்தவங்களுக்குக் கை ஒடிஞ்சுது, கால் ஒடிஞ்சுது, அவ்வளவுதான். ரகுபதி கடைசியில ஓரமா இருந்தான். தார்ப்பாய் அவன் கையிலதான் இருந்திருக்கு. கம்பியைப் பிடிக்கக் கை இல்ல அவனுக்கு.

தலையில அடின்னு நான் போன்ல சொன்னேனே, அதுதான். ஆபரேஷன் பண்ணினாங்க. நேத்து டாக்டர் என்னைக் கூப்பிட்டு, அவங்க அப்பாவைச் சீக்கிரம் வரவழைங்கன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சீக்கிரம்ங்கற வார்த்தையை விட்டுட்டுச் சொன்னேன். எதுக்குப் பயமுறுத்தணும்னு.

இதுவா? இது ஆஸ்பத்திரி இல்லங்கய்யா. கடற்கரை. ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ள வந்திருக்கோம். சும்மா ஒரு நிமிஷம் நிறுத்திக்கறேன். ஓட்டிக்கிட்டே இருக்க முடியல என்னால.

தெரியும், உங்களுக்கு அவசரம், தெரியும். ஆனா அவசரம் இல்லங்கய்யா. அதைத்தான் சொல்ல வந்தேன், எங்கெங்கயோ போயிட்டேன். விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நீங்க அப்ப மேல பறந்துக்கிட்டு இருந்தீங்க. ஃபஸீலா பக்கத்துலயே இருந்திருக்கா, கையைப் பிடிச்சுக்கிட்டு. ஏர்போர்ட்ல நீங்க வெளிய வந்ததும் எப்படி இருக்கான் தம்பின்னு என்னைக் கேட்டீங்களே, அப்பவே எனக்குத் தெரியும். சுத்தி அவ்வளவு பேரு, பூவோட, பலூனோட நிக்கறாங்க. அங்க வச்சு எப்படிங்கய்யா சொல்றது? வண்டி அங்க நிக்குது வாங்கன்னு சொல்லிட்டேன்.

ஐயா. ஐயா, என்னைப் பாருங்க. கையைக் குடுங்க. அழுதுடுங்க, பரவாயில்ல. இங்க யாரும் இல்ல.

அது என் போன். வண்டித் திரையில பேர் வருது பாருங்க. ரகுபதி அம்மான்னு போட்டு வச்சிருக்கேன். வேண்டாம், நீங்க பேச வேண்டாம், உங்களால முடியாது. நான் சொல்லிடறேன். நான்தான் சொல்லணும். கொஞ்சம் சத்தம் போடாம இருங்கய்யா.

ஹலோ... ஆமாங்கம்மா, ரமணன்தான் பேசறேன். வந்துட்டாரும்மா. என் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காரு. சாப்பிட்டாரு, சாப்பிட்டாரு... ஆங், போய்க்கிட்டே இருக்கோம்மா.