மடுத் தண்ணீர் பற்றிய திருத்தம்

1986ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை 9.20 மணி. எஸ்பியர்க் பொலிஸ் நிலையம். எழுதுவதற்கு எனக்குத் தரப்பட்ட வெறுந்தாள்கள் நான்கு.

பெயர்: சூசைப்பிள்ளை பேனாட். வயது: 25. பிறந்த இடம்: யாழ்ப்பாணம், பாஷையூர். படிப்பு: மோட்டார் பொறித்தொழில், இரண்டு வருடம், சான்றிதழ் உண்டு. தொழில்: மின்சாரம் எடுக்கும் காற்றாடிக் கோபுரங்களுக்கு உருக்குத் தகடு ஒட்டும் வெல்டர். முகவரி: பிராண்டே, ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள வாடகைக் குடியிருப்பு, இரண்டாம் மாடி. வதிவிட அனுமதி: விண்ணப்பித்திருக்கிறேன், பதில் வரவில்லை.

பேசவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்று அலுவலர் சொன்னார். விளங்கியது. செவ்வாய்க்கிழமை நான் வாயால் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் பரமானந்தம் ஐயா டெனிஷில் சொல்ல, அலுவலர் தட்டச்சு செய்தார். அதை நேற்று எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டியபோது, கார் இஞ்சினின் குழாயில் வெடிப்பு விழுந்ததற்குக் காரணம் மாக்கிரட் என்பவர் ஊற்றிய தண்ணீர் என்று அதில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆகவே என் கையாலேயே தமிழில் எழுதித் தருகிறேன். இதைச் சுருக்காமல் மொழிபெயர்க்க வேண்டும்.

இறந்தவர் அந்தோனிதாசன், வயது 23. நான் அவனைத் தாசன் என்று கூப்பிடுவேன். இருவரும் ஒரே அறையில் இருந்தோம். எங்களுக்குக் கீழே முதலாம் மாடியில் அவனுடைய அக்கா மாக்கிரட்டும் அவர் கணவர் கிறிஸ்துநாயகமும் இருக்கிறார்கள். கார் கிறிஸ்துநாயகம் அண்ணையுடையது. 1300 சி.சி. சிறிய கார், எட்டு வருடப் பழசு. அதில்தான் நாங்கள் எல்லோரும் தினமும் வேலைக்குப் போனோம். ஐந்து பேர் ஏறி, மேற்குக் காற்று எதிரே அடித்தால் அது நாலாவது கியரில் இழுக்காது. பின்னால் பால் லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான். இந்த நாட்டில் பெரிய கார் வாங்குவது எங்கள் சம்பளத்துக்கு நடக்காத காரியம். நான்தான் அண்ணையிடம் டேர்போ போடலாம் என்று சொன்னேன். அவராகக் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

டேர்போ என்றால் இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் ஒரு சிறு சக்கரம். அது இஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும். அடிபட்டுக் கிடந்த சுவீடன் கார் ஒன்றிலிருந்து அதைக் கழற்றி எடுத்தேன். அதைப் பொருத்துவதற்கு, புகையை வாங்கும் வார்ப்பிரும்புக் குழாயை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. வார்ப்பிரும்பை முன்னதாகச் சூடாக்கி, அதற்குரிய நிக்கல் கம்பியால் ஒட்டி, மெல்ல ஆற விட வேண்டும். நான் வேலைத்தலத்தில் எஞ்சிய சாதாரண உருக்குக் கம்பியால், சூடாக்காமல் ஒட்டினேன். செலவு மிச்சம், நேரமும் மிச்சம். கோபுரத்தில் நான் ஒட்டுவதை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், இதுவரை ஒன்றும் திருப்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

அதன் பின்னர் டேர்போவின் காற்றுக்குழாய், இஞ்சின் மூடியான போனற்றின் பின் ஓரத்தில் இடித்தது. போனற் மூடவில்லை. அந்த ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டி இருக்கும். இஞ்சின் பக்கத்துக் காற்று, காருக்குள் சூடு தரும் ஹீற்றருக்குள் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. நான் அந்தப் பட்டியைக் கத்தியால் வெட்டி எடுத்தேன். போனற் மூடியது. வெட்டிய துண்டைக் கருவிகள் வைக்கும் மேசைக்குப் பின்னால் எறிந்தேன். இது ஜனவரி நடுப்பகுதியில். இந்த விடயத்தைச் செவ்வாய்க்கிழமை நான் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே நினைவு வரவில்லை. நேற்று இரவு உணவு சமைக்க வெங்காயம் வெட்டும்போது நினைவு வந்தது.

இப்படி மாற்றிய காரை 'சூன்' என்னும் வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்பது எனக்குத் தெரியும். கொண்டுபோகவில்லை. அண்ணைக்கு அது தெரியாது. எங்கேயாவது காட்டவேண்டுமா என்று அவர் என்னைக் கேட்டார், நான் "உதெல்லாம் பிறகு பாப்பம்" என்றேன்.

பெப்ரவரி 1ஆம் திகதி, சனிக்கிழமை பின்னேரம், வேலை முடிந்து காரை நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இழுத்தது. காற்று எதிரே அடித்தும் லொறிகளை முந்தியது. திரும்பி வந்து குடியிருப்பின் முற்றத்தில் நிறுத்தி, போனற்றைத் திறந்து எல்லோருக்கும் காட்டினேன். வார்ப்பிரும்புக் குழாய் மங்கிய சிவப்பாக இருந்தது. அண்ணை காரின் பின்னால் நின்று, எங்கேயோ வாங்கிவந்த 'டேர்போ' என்ற வெள்ளி எழுத்துகளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, உதை ஒட்டினா பொலிஸ்காரன் மறிப்பான்" என்றேன்.

"மறிச்சாத்தான் என்ன, பிடிக்கட்டுமன் பாப்பம்" என்றார்.

தாசன் இரவு வேலைக்குப் போகக் குளித்துவிட்டுத் தலையில் துவாயோடு வந்தான். "மச்சான், இது காரோ அடுப்போ? நாளைக்கு மரவள்ளிக்கிழங்கு சுடலாம்" என்றான். இதுதான் அவன் என்னிடம் கடைசியாகச் செய்த பகிடி.

அப்போது மாக்கிரட் அக்கா மாடியிலிருந்து ஒரு போத்தலோடு இறங்கி வந்தார். ஊரிலிருந்து புறப்படும்போது மடுமாதா கோயிலில் நிரப்பிக் கொண்டுவந்த தண்ணீர். கொழும்பு, மொஸ்கோ, பேர்லின் என்று மூன்று இடங்களில் பெட்டியைக் கொட்டிப் பார்த்தபோதும் அவர் அதைக் கையிலிருந்து விடவில்லை. பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு என்று வைத்திருந்தது. எங்கள் ஆட்கள் புது வாகனத்தை மந்திரிக்காமல் ஓட்டமாட்டார்கள். இங்கே பாதிரியாரைக் கூப்பிட அக்காவுக்குப் பாஷை போதாது.

"அக்கா, பொறுங்கோ, சூடா இருக்கு" என்றேன்.

"சூடு ஆறத்தானே தண்ணி. எல்லாரும் சேமமாப் போய் வரவேணும், தள்ளு தம்பி."

நான் தள்ளி நின்றேன். அவருடைய கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. குளிர், பசி, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. அவர் சிலுவை அடையாளம் இட்டு அரைப் போத்தல் தண்ணீரை ஊற்றினார். ஆவி எழும்பியது. ஆவிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சுடு தேநீர் ஊற்றிய கிளாஸ் வெடிப்பு விடும் சத்தம். எனக்கு மட்டும் கேட்டது என்று நினைக்கிறேன். அக்கா மிச்சத் தண்ணீரைப் பத்திரமாக மூடினார்.

அதன் பின்னர் இஞ்சினை ஓடவிட்டுக் கேட்டேன். 'சிக், சிக்' என்று புகை கசியும் சத்தம் இருந்தது. குழாயில் வெடிப்பு என்று எனக்கு உடனே தெரிந்தது. புகை கசிந்தால் சத்தம் வரும், சக்தி குறையும், வேறொன்றும் இல்லை, வெளியே காற்றோடு போய்விடும் என்று கணக்குப் போட்டேன். ரப்பர் பட்டி சரியான இடத்தில் இருக்கும் காருக்கு அது ஓரளவு சரியான கணக்கு. பட்டியை வெட்டியவனும் நான், சத்தத்தைக் கேட்டவனும் நான். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

"என்ன தம்பி, ஏதோ சத்தம்?" என்று அண்ணை கேட்டார்.

"ஒண்டுமில்லை. திங்கள் பாக்கிறன்."

அதன் பின்னர் நான் அவருக்கு ஒரு விடயத்தை மூன்று தடவை சொன்னேன். வேகமாக ஓடிவந்து நிறுத்தினால் உடனே இஞ்சினை அணைக்கக் கூடாது. டேர்போவின் சூட்டில் எண்ணெய் கருகிப் பிடித்துவிடும். "ரெண்டு நிமிசம் சும்மா ஓட விடுங்கோ, பிறகு நிப்பாட்டுங்கோ. உடனை நிப்பாட்டினா சாமான் போச்சு, நான் பிறகு செய்து தரமாட்டன்" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். ஊரில் பெற்றோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு உருள விடுகிற மனிதர் அவர். பயமுறுத்தாவிட்டால் கேட்கமாட்டார் என்று நினைத்தேன்.

இனி எழுதுவது நான் பார்க்காதது. கிறிஸ்துநாயகம் அண்ணை ஆசுபத்திரியில் வைத்து எனக்குச் சொன்னது.

பெப்ரவரி 2ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, எஸ்பியர்க் கத்தோலிக்கக் கோயிலில் மெழுகுதிரி மந்திரிக்கும் பூசை. நான் போகவில்லை, எனக்குப் பூசைப் பழக்கம் விட்டுப்போனது. தாசன் இரவு வேலை முடித்து வந்திருந்தான். படுக்கப் போனவனை அக்கா எழுப்பி, "ஒரு திரியெண்டாலும் கையிலை பிடி, அம்மாவுக்கு எழுதவேணும்" என்று சொல்லிக் கூட்டிப்போனார். அவன் பின் ஆசனத்தில் படுத்தான். பின் கண்ணாடி ஒன்று முழுதாக மேலே ஏறாது. குளிர் வருகிறது என்று அக்கா அந்த இடைவெளியில் அவனுடைய துவாயைத் திணித்தார். வழியில் அக்காவுக்குத் தலையிடித்தது. உபவாசத்தால் வந்தது என்று நினைத்து நெற்றியில் தைலம் பூசினார். அண்ணை சிகரெட்டுக்காகத் தன் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தார்.

கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி அடித்துவிட்டது. அண்ணை தன் கண்ணாடியை ஏற்றி மூடினார். இஞ்சினை அணைக்கத் திறப்பில் கை வைத்தார். நான் சொன்னது நினைவு வந்து கையை எடுத்தார்.

"தாசன், ரெண்டு நிமிசத்தாலை நிப்பாட்டிப்போட்டு வா" என்றார்.

"ஓம் அத்தான், போங்கோ, வாறன்" என்று அவன் கண்ணை மூடியபடியே சொன்னான்.

அவன் நித்திரையாகிவிட்டான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஹீற்றர் போட்டபடி. நின்ற காரில் கசிந்த புகையைக் கொண்டுபோகக் காற்று இல்லை. பட்டி இல்லாத இடத்தால் ஹீற்றர் அதை உள்ளே இழுத்தது. அந்தப் புகையிலுள்ள நஞ்சுவாயுவுக்கு மணம் கிடையாது; இருந்த கொஞ்ச மணத்தையும் அக்காவின் தைலம் மறைத்திருக்கும். பூசை முடிந்து எரியும் திரியைக் கையால் மறைத்துக்கொண்டு அக்கா காரடிக்கு வந்தார். அவனுக்காக இன்னொரு திரியும் வாங்கியிருந்தார். நித்திரை கொள்கிறான் என்று முதலில் சிரித்ததாக அண்ணை சொன்னார். முகம் நல்ல சிவப்பாக இருந்ததாம்; அந்த நஞ்சுவாயு அப்படித்தான் சிவக்க வைக்கும். குளிருக்கு வெள்ளைக்காரன் மாதிரி ஆகிவிட்டான் என்று அக்கா சொன்னாராம்.

இது நடந்தது.

செவ்வாய்க்கிழமை நான் தண்ணீர் ஊற்றியதையும் 'டிக்' சத்தத்தையும் சொன்னேன், ஏனென்றால் நடந்தது. அதை முன்னுக்கு வைத்து எழுதச் செய்தது பரமானந்தம் ஐயா. எனக்கு நன்மை என்று நினைத்துத்தான் செய்தார், அவர்மேல் குறை இல்லை. நேற்று வெளியே வைத்து நான் கேட்டேன்.

"தம்பி, உமக்கு இன்னும் வதிவிடம் கையிலை வரேல்லை. வழக்கெண்டு வந்தா பிளேனிலை ஏத்திவிடுவாங்கள். மாக்கிரட் பிள்ளையை ஆர் மறியலிலை போடப் போறான்? காரணம் தண்ணியாவே இருக்கட்டும், விடும்" என்றார்.

"அந்தக் கடுதாசியை அக்காவுக்கு ஆர் வாசிச்சது?" என்று கேட்டேன்.

"அவ கேட்டவ. நான்தான் வாசிச்சனான்."

அதைக் கேட்டதிலிருந்து மாக்கிரட் அக்கா மிச்சத் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதாக அண்ணை சொல்கிறார். சாப்பிடவில்லை. அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி.

ஆகவே தொழில் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சரியாக ஒட்டிய குழாய் அந்தத் தண்ணீருக்குத் தப்பியிருக்கும் என்பது என் கணிப்பு. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் நான் ஒட்டியது ஒரு மாதத்துக்குள் தானாக வெடித்திருக்கும். வெடித்தாலும், ரப்பர் பட்டி இருந்திருந்தால் இவ்வளவு புகை உள்ளே போயிருக்காது. ஓட்டக்கூடாது என்று சனிக்கிழமை ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர்கள் அந்தக் காரில் போயிருக்கமாட்டார்கள். நிபுணர் குழாயை அறுத்துப் பார்த்தால் வெடிப்பு என் ஒட்டின் விளிம்பிலேயே ஓடுவதைக் காண்பார். இஞ்சினை ஓடவிட்டதும் என் சொல்லைக் கேட்டதால். கிறிஸ்துநாயகம், மாக்கிரட் இருவரும் நான் சொன்னதையும் தங்கள் வழக்கத்தையும் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

எழுதியதை ஒருமுறை முழுதாக வாசித்தேன். ஒருவரும் வற்புறுத்தவில்லை. எனக்குத் தெரிந்தவரை இதில் பொய் இல்லை, மறைத்ததும் இனி இல்லை. தாளில் இடம் இருப்பதால், இங்கிருந்து போனதும் நான் செய்யப்போவதையும் எழுதுகிறேன்:

1. மேசைக்குப் பின்னால் கிடக்கும் ரப்பர் துண்டை இன்றே எடுத்துவந்து அலுவலரிடம் ஒப்படைப்பேன். காரில் மிஞ்சியிருக்கும் துண்டோடு வெட்டுவாய் பொருந்தும்.

2. வதிவிட அலுவலகத்துக்கு இதன் பிரதியை நானே அனுப்புவேன். பிறர் சொல்லி அறியத் தேவையில்லை.

3. தாசனின் அலாரம் மணிக்கூடு இரவு வேலை நேரத்துக்கு இன்னும் அடிக்கிறது. அதை நிப்பாட்டுவேன்.

4. கீழ்மாடிக்குப் போய் இந்த நான்கு தாளையும் மாக்கிரட் அக்காவுக்குத் தமிழில் வாசிப்பேன். கதவு திறக்காவிட்டால் படியில் நின்று, உள்ளே கேட்கும்படி வாசிப்பேன்.

5. "நான் ஊற்றும்போது ஏதாவது வெடித்ததா?" என்று அவர் கேட்டால், ஓம் என்று சொல்வேன். அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்கவில்லை அக்கா, எனக்குக் கேட்டது என்று சொல்வேன்.

(ஒப்பம்) சூ. பேனாட்