நாலு தடவை புதிதாகச் சேர்ந்தவள்

ஈஜோக் போகும் பஸ்ஸில் பதினெட்டுப் பேர் இருந்தோம். மூன்று ஜன்னல்கள் மூடவே இல்லை. எனக்கு முன்னால், ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர். புதுத் தொழிலாளர் சட்டத்தை விளக்கும் கூட்டம் முடிந்து, மடியில் தடித்த ஃபைலோடு திரும்பிக்கொண்டிருந்தார். அதே தோட்டத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, என் பெரிய மகன் நம்ம தோட்டத்துலதான் பிறந்தான். பதினஞ்சு வயசு. நான் வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம்தான்னு உங்க ரிஜிஸ்டர் சொல்லுதாமே?"

"பிள்ளை பெக்கப் போனா பேரை அடிக்கிறது, திரும்பி வந்தா புதுசா எழுதுறது. ஆபீஸ் வழக்கம் அப்படித்தானேம்மா."

"அப்படிப் பார்த்தா நாலு தடவை புதுசாச் சேர்ந்திருக்கேன். புதுச் சட்டத்துல லீவு எப்படி?"

"வேலை செஞ்ச வருஷம் கூடினா லீவும் கூடும்."

"என்கூட வேலைக்குச் சேர்ந்த என் வீட்டுக்காரருக்கு முழு லீவு. அதே நாலு பிள்ளைதான் ஐயா அவருக்கும்."

கிராணி ஃபைலைத் திறந்து மூடினார்.

"சட்டம் வர ரெண்டு மாசம் இருக்குலா. பிள்ளைங்க பிறந்த தேதி பதிஞ்ச பிறப்பு சூராட்டைக் கொண்டு வா. தேதியைப் பார்த்து, விட்டுப்போன வருஷத்தை எல்லாம் சேர்த்து எழுதிடுறேன்."

"எனக்கு மட்டுமா? நாங்க குடியிருக்கிற லயத்துல இப்படிப் பதினோரு பொம்பளைங்க."

"எல்லாரும் வரட்டும்."

"சூராட்டைத் தொலைச்சவங்க?"

அவர் யோசித்தார். "பிள்ளையைக் கூட்டிட்டு வரட்டும். பார்த்தா வயசு தெரியும்ல."

"அப்போ சாப்பாடு போடணும் ஐயா. எல்லாரையும் கூட்டிட்டு வந்தா முப்பத்தெட்டுப் பிள்ளைங்க."

கிராணி பேனாவை எடுத்து, ஃபைல் அட்டையில் முப்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டார்.