காற்று பார்த்து வைத்த பெட்டி

காப்பி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒரு தடவை ஆறிப்போனதைத் திரும்பச் சூடாக்கிக் குடிக்க மாட்டேன். காலையில் ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்தது அப்படிச் சூடாக்கியதுதான், ஷெரீப் ஐயா, குறையாகச் சொல்லவில்லை. லவோன் ஹாகன் அம்மாவுக்கும் அந்தக் குணம் உண்டு. புதிதாகப் போட்டுக் கொடுத்தால் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்கிறதுக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்.

நடந்ததை நானே எழுதித் தருகிறேன் என்றது திமிரால் இல்லை. எழுத்து எனக்குத் தலை நரைத்த பிறகு வந்தது. மெதுவாகத்தான் வரும். வாயால் சொன்னால் நீங்கள் இடையில் கேள்வி கேட்பீர்கள், எனக்குச் சொல்ல வந்தது தவறிப்போகும்.

ஓரின் டீக் என்பவருடைய ஆட்டுப் பண்ணையில் நான் கூலியாள். மேய்ச்சல் நிலத்தின் கோடியில் ஒரு டிரெய்லர் வீட்டில் இருக்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஹாகன் அம்மாவின் வீடு. அவர் கணவர் போன பிறகு அவரும் ஜிப் என்ற நாயும்தான். குட்டி போடும் காலத்தில் கயோட்டி நரிகள் வந்து ஆட்டுக்குட்டிகளைக் கிழித்துப் போட்டுவிடும். அவற்றைச் சுடுவதும் என் வேலையில் சேர்த்தி.

நரியைத் தேடிப் போய்ச் சுட முடியாது. அதை வரவழைக்க வேண்டும். கடையில் விற்கிற ஒலிப்பெட்டியில் முயல் கத்துகிற சத்தம் இருக்கும். எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் அதே முயலைக் கத்தவிட்டு நரிகள் உஷாராகிவிட்டன. அதனால் நானே ஒன்று செய்தேன். தோட்டா வைக்கிற தகரப் பெட்டிக்குள் பழைய வண்டியின் ஸ்பீக்கர், பாட்டுப் போடுகிற ஒரு சின்னக் கருவி, பேட்டரி. தூரத்திலிருந்து இயக்க கராஜ் கதவு திறக்கிற ரிமோட்டைப் பிரித்துப் பொருத்தினேன்.

ஓரின் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னடா டெல்பர்ட், ரேடியோ ஸ்டேஷன் ஆரம்பிச்சுட்டியா? நரிக்கு நேயர் விருப்பம் போடப் போறியா?"

"வந்தா சரிங்க முதலாளி."

"எது வேணா பண்ணு. வேலியில நரிக்குச் சுருக்குக் கம்பி கட்டினியே, பக்கத்து வீட்டம்மாவுக்கு போன் பண்ணிட்டியா?"

பண்ணிவிட்டேன் என்றேன். பண்ணவில்லை. சுருக்கு வைத்தால் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட வேண்டும், அவர்கள் நாயைக் கட்டிப்போடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். சுவரில் அவர் எண் இருந்தது. ரிசீவரை எடுத்து எடுத்து வைத்தேன். தனியாக இருக்கிற ஒரு பெண்மணியிடம் என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஜிப் அந்தக் கம்பியில் மாட்டியிருந்தான். இடுப்பில் இறுகியிருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டினான். அசைந்தால் வலிக்கும், வலித்தால் கத்துவான், மறுபடியும் ஆட்டுவான். நாய் ஜாதியின் வேதனைக் குரலுக்கு நரி எங்கிருந்தாலும் ஓடிவரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சட்டைப் பையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. முதலில் அதைத்தான் எடுத்தேன்.

கம்பியை வெட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இடுப்பில் காயத்தோடு வீட்டுக்குப் போய் நின்றால், எந்தக் கம்பி, யார் கட்டியது என்ற பேச்சு வரும். ஒலி போதுமான அளவு பதிந்த பிறகு ஒரே குண்டில் முடித்தேன். நல்ல இடமாகப் பார்த்துப் புதைத்தேன்.

அன்று சாயங்காலமே அதைப் போட்டுப் பார்த்தேன். நரி வரவில்லை. ஹாகன் அம்மா வந்தார், செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு.

"டெல்பர்ட், கேட்டுச்சாப்பா? எங்க ஜிப் குரல். இந்தப் பக்கம்தான்."

"நரிங்கம்மா. அதுங்க நாய் மாதிரியே ஊளையிடும்."

"நரிக்கும் என் புள்ளைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"உள்ள வாங்க. குளுருது. காப்பி போடறேன்."

வந்தார். என் டிரெய்லருக்குள் அதற்கு முன் ஒரு பெண் வந்து உட்கார்ந்ததில்லை. நான் செய்தித்தாளில் ஆட்டுச் சந்தை நிலவரத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததைப் பார்த்து, "ரெண்டு வரிக்கு ஒரு தடவை மூச்சு விடுப்பா, செத்துப்போயிடப் போற" என்றார். அவரே சிரித்தார். நாய் காணாமல் போன வீட்டுக்காரி சிரிக்கிறாரே என்று எனக்கு மனசு நிறைந்தது.

அதன் பிறகு நான் துப்பாக்கியை எடுத்துப் போகவில்லை. பெட்டியை மட்டும் எடுத்துப் போய் என் விறகு அடுக்குக்குப் பின்னால் வைப்பேன். தினமும் இல்லை. அளவாகத்தான். ஓயாமல் கத்தவிட்டால் எதுவும் பழகிவிடும். கொஞ்சம் விட்டு, கொஞ்சம் அடக்கி, கேட்கிறவரை ஏங்கவிட வேண்டும். அவர் வேலியைத் தாண்டுகிற நேரத்தில் ரிமோட்டை அழுத்தி நிறுத்திவிட்டு, கெட்டிலை அடுப்பில் வைப்பேன்.

அவர் இளைத்துப்போனது எனக்கும் தெரிந்தது. வரும்போதெல்லாம் சூப்பும் ரொட்டியும் வைத்தேன். "நீ இல்லன்னா நான் பைத்தியமாயிருப்பேன் டெல்பர்ட்" என்று ஒருநாள் சொன்னார். ஒரு மனிதனிடம் அப்படிச் சொல்லிவிட்டு அவனைக் குற்றவாளி என்றால் எப்படி?

ஸ்போகேன் நகரில் இருக்கிற அவர் மகள் தன்னோடு வந்துவிடச் சொல்லி நெடுநாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜிப்பை இப்படிக் கத்தவிட்டுவிட்டு எப்படி வருவது என்று இவர் மறுத்துவந்தார். கடைசியாக வந்த அன்று காப்பியை முழுக்கக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வழக்கமாகக் கழுவ மாட்டார்.

"அது ஜிப் இல்ல. மனசைத் தேத்திக்கிட்டேன். சனிக்கிழமை மக வர்றா, வீட்டைப் பூட்டிட்டுப் போறேன்."

"நல்லதும்மா."

"நீ ஒரு நாயை வளர்த்துக்கோ. தனியா கெடந்து இப்படி மரம் மாதிரி ஆயிட்டியே."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பனிக்காற்று பிடித்தது. வழக்கமாக என் பக்கமிருந்து அவர் வீட்டுப் பக்கம் வீசுகிற காற்று அன்று வடக்கிலிருந்து எதிராக அடித்தது. விறகு அடுக்கில் வைத்தால் அவர் காதுக்கு எட்டாது. காற்றைப் பார்க்காமல் பெட்டி வைக்கிறவன் வேட்டைக்குப் போகக் கூடாது. நான் பார்த்தேன். இருட்டுகிற நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவர் வீட்டுக்கும் வடக்கே ஓடைப் பள்ளத்தின் தலைமாட்டுக்குப் போய் வைத்துவிட்டு, மேட்டில் காத்திருந்தேன். அவர் வெளியே வந்ததும் நிறுத்திவிட்டு, எதிரே போய்க் கூட்டிவந்துவிடலாம் என்பது என் எண்ணம். இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் புறப்பட்டிருந்தேன்.

வந்தார். பார்த்தேன். மனசைத் தேற்றிக்கொண்டேன் என்றவர் ஓடித்தான் வந்தார். பிறகு தரையிலிருந்து பனி எழும்பி எதுவும் தெரியாமல் போயிற்று.

ரிமோட் என் கையில்தான் இருந்தது. நிறுத்தினால் அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். காலையில் மகள் வந்துவிடுவாள். நான் குரல் கொடுத்தால் அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று கேட்பார். சத்தத்துக்கு வருகிறது எதுவும் நேராக வராது. ஒரு வட்டம் போட்டு, மோப்பம் பிடித்து, அப்புறம்தான் வரும். அவரும் அப்படிச் சுற்றிக்கொண்டு, கடைசியில் என் ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்துவிடுவார் என்று டிரெய்லருக்குப் போய் உட்கார்ந்தேன். ஜிப் கத்திக்கொண்டே இருந்தான். கெட்டில் கொதித்து வற்ற, மறுபடி தண்ணீர் ஊற்றினேன்.

சனிக்கிழமை காலை மகளும் நீங்களும் அவரைக் கண்டெடுத்தபோது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னீர்கள். தன் மேல்கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தியிருந்தார் என்றும் சொன்னீர்கள். குளிரில் உறைகிறவர்கள் புத்தி தடுமாறி உடுப்பைக் களைவது உண்டு என்பது உங்கள் விளக்கம். மூடியில் என் பெயரை நான் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், டிரெய்லரில் நான் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், என் எழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும்.

நாயைக் கொன்றவனும் நான்தான், அவரை அங்கே வரவழைத்தவனும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்கிறவரை அது பாடியிருக்கிறது. ஸ்விட்ச் மூடியின் மேலேயே இருக்கிறது, கையுறையோடு தட்டினாலும் நின்றுவிடும். என் மேல் கோபம் இருந்திருந்தால் அவர் அதை அணைத்திருப்பார்.