சித்தேரிக் கரையில் ஓடிய நேரலை

என் பெயர் ஜெயசீலன், வயது முப்பத்து நான்கு, தகப்பனார் பெயர் மரியசுந்தரம். புதுச்சேரி, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், கிருமாம்பாக்கத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். கடலூர் சாலையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அரிகரன் அவர்களைக் குறை சொல்லி எங்கள் பகுதி முகநூல் குழுவில் யார் எழுதினாலும் பதில் எழுதுவது என் வழக்கம். அதற்கு யாரும் எனக்குக் கூலி தரவில்லை. என் மனைவி கிறிஸ்டினாவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது, சாலை மூழ்கிக் கிடந்த மழையில், அவர்தான் தமது வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார்.

இந்த ஐப்பசி மழையில், எம்.எல்.ஏ. நிதியில் கட்டிய சித்தேரி மதகின் ஓரம் தண்ணீர் கசிவதாக, ஏரிக்குக் கீழே நெல் பயிரிடும் தனக்கொடி என்பவர் குழுவில் படம் போட்டார். அது வேறு ஊரின் பழைய படம் என்று நான் எழுதினேன். அதோடு விடாமல், அவர் வதந்தி பரப்புவதாக இந்தக் காவல் நிலையத்தில் அன்று காலையே மனுவும் கொடுத்தேன். அதன் பிறகு ராஜ்மோகன் என்பவர் என்னை அடிவருடி என்று எழுத, நானும் தகாத சொற்களில் எழுத, மதியம் வரை சண்டை நடந்தது. தனக்கொடி மட்டும், “வூட்ல குந்திக்கினு எழுதாத. வந்து பாருப்பா” என்று போட்டார்.

அவர் சொல்வது பொய் என்று எல்லோருக்கும் காட்டுவதற்காக, பைக்கில் சித்தேரிக்குப் போய், நேரலையைப் போட்டுக்கொண்டே கரையில் நடந்தேன். “மக்களே, ஒரு கசிவும் இல்ல” என்று சொல்லி முடிப்பதற்குள், மதகை ஒட்டிய மண்ணில் என் கால் முழங்கால் வரை இறங்கியது. கரையின் வெளிப்புறம் செந்நிறத் தண்ணீர் உலைபோல் கொதித்து வந்தது. கீழே வயலும், வயலைத் தாண்டிக் கீழத்தெரு வீடுகளும் தெரிந்தன.

தனக்கொடியும் அவர் கணவரும் உர மூட்டைப் பையில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, “போன அணைக்காத. ஆளு வேணும், கூப்பிடு” என்றார். நான் போனைத் தண்ணீரின் பக்கம் திருப்பி, “யாரா இருந்தாலும் வாங்க” என்றேன்.

அதன் பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சாலையிலிருந்து பைக்கிலும் டிராக்டரிலும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். படமாக மட்டும் நான் அறிந்திருந்த முகங்கள் சவுக்குக் கழியோடும் வைக்கோலோடும் வந்தன. எங்கள் கட்சி மகளிரணிக் கல்பனா புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கை மாற்றிக் கை மாற்றி மூட்டைகள் வந்தன. எனக்கு மூட்டை கொடுத்தவரிடம் பெயர் கேட்டேன். “ராஜ்மோகன். புடி, கனமா இருக்கு” என்றார். எவரும் எவரையும் ஏவவில்லை. அத்தனை பேர் நின்றும் மூச்சும் தண்ணீரும்தான் கேட்டன. பூசையில்கூட நான் அப்படி ஓர் அமைதியைக் கண்டதில்லை.

கார் வர வழியில்லாமல் எம்.எல்.ஏ. நடந்தே வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரிடம் தனக்கொடி, “பேச்சு அப்பறம் சார், கை குடுங்க” என்றார். அவரும் வேட்டியை மடித்துக் கட்டி, எனக்கும் ராஜ்மோகனுக்கும் நடுவில் நின்று மூட்டை வாங்கினார். இருட்டுவதற்குள் கசிவு நின்றது. எம்.எல்.ஏ. மதகைக் கையால் தடவிப் பார்த்து, “அந்தம்மா சொன்னது நெசம்தான்பா” என்று என்னிடம் சொன்னார்.

தனக்கொடியே மண்வெட்டியால் கரையை வெட்டியதாகச் சொல்லும்படி மறுநாள் கட்சிக்காரர் சிலர் என்னிடம் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். அவர் போட்ட படம் உண்மை. என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன். எம்.எல்.ஏ.வுக்கு நான் இன்றும் ஆதரவாளன்தான். இதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று ஏரிக்கரையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டு இறங்கியதால், போகும்போது கிடைத்ததை மாட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு குழுவில் செருப்புப் படங்களே வருகின்றன. இன்று நான் போட்டு வந்திருப்பதும் என்னுடையதல்ல. யாருடையது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

எழுதியதை அய்யா வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்)
ம. ஜெயசீலன்